அழிறப்பர்த் தூள்

முன்னட்டை போய்விட்ட நாவல் அது.
மல்லாவி நூலகத்தில், இரண்டாவது தட்டில்,
மாட்டு வைத்தியக் கையேட்டுக்கும்
பழைய ஓ.எல். வினாத்தாள் கட்டுக்கும் நடுவில் கிடந்தது.
ஒரு நாடு. அங்கே சுவருக்குக் காது,
காதுக்குச் சம்பளம்.
கேட்பவர்களுக்கு இவ்வளவுதான் சொல்வேன்.
மிச்சக் கதையை அவர்கள்தான்
திருப்பிக் கொண்டுவரும்போது எனக்குச் சொன்னார்கள்.

நேசமலர் அக்கா மூன்றாம் நாளே கொண்டுவந்து
மேசையில் தொப்பென்று போட்டா.
"முள்ளுக்கம்பியைப் பற்றி இவ்வளவு எழுதினவன்
கக்கூஸ் வரிசையைப் பற்றி ஏன் ஒரு வரி எழுதேல்லை?
உவன் ஒருநாளும் உள்ளுக்கு இருந்திருக்க மாட்டான்."
செட்டிகுளத்துக் கூடாரத்தில்
அவவுக்கு எட்டு மாதமும் பதினொரு நாளும்.

அருந்தவம் அண்ணைக்குக் கண் தெரியாது,
மகள்தான் வாசித்துக் காட்டினாள்.
பிள்ளையைத் தா என்று படலையில் வந்து நிற்கிற இடத்தில்
நிப்பாட்டு என்றுவிட்டாராம்.
அவளின் தோளைப் பிடித்துக்கொண்டு வந்து
என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டார்:
"வந்து நிண்டது ஆர் எண்டு கதையில கிடக்கோ?"
இல்லை, பேர் போடவில்லை என்றேன்.
"நல்லது," என்றார்.
பிறகு கொஞ்ச நேரம் மின்விசிறிச் சத்தத்தைக்
கேட்டுக்கொண்டு இருந்தார்.

மதுசனுக்குப் பத்தொன்பது வயது.
"அலுப்பாக் கிடக்கு அக்கா.
இவ்வளவு சனம் பாத்துக்கொண்டு நிக்குது,
ஒருத்தர் கூடவா வீடியோ எடுக்கேல்லை?"

இவை வாயால் சொன்னவை.
வாயால் சொல்லாதவர்கள்
பென்சிலால் ஓரத்தில் பேசிக்கொண்டார்கள்.
நாற்பதாம் பக்கத்தில் ஒருவர்: உண்மை.
அதற்குக் கீழே, சரிந்த எழுத்தில்: எந்தக் காலத்து உண்மை?
அதற்கும் கீழே, எறும்பளவில்: இரண்டும்.
நூற்றுப் பன்னிரண்டில்,
கூட்டாளியைக் காட்டிக்கொடுக்கிற இடத்தில்,
எழுத்தே இல்லை.
பென்சில் முனை குத்தி முறிந்த ஒரு துளை மட்டும்.
வெளிச்சத்தில் பிடித்தால்
மறுபக்கத்து மரமொன்று அதற்குள்ளால் தெரியும்.

வியாழக்கிழமை பின்னேரம் ரெலிபோன் வந்தது.
நாளைக்கு நூலகம் பார்க்க வருகினம்.
ஆர், எதற்கு, ஒன்றும் சொல்லவில்லை.
புத்தகத்தைப் பற்றி ஒருவரும் மூச்சு விடவில்லை.
அழி என்று ஒருவரும் என்னிடம் சொல்லவில்லை.

இரவு எட்டரை வரைக்கும் அழித்தேன்.
'உண்மை' கெதியாய்ப் போனது.
கேள்விக்குறி கொஞ்சம் இழுத்தடித்தது.
'இரண்டும்' மட்டும்,
அவ்வளவு சின்னனாய் எழுதினவர்
எவ்வளவு ஊன்றி எழுதியிருக்கிறார்!
விரலால் தடவினால் இப்போதும் இருக்கிறது,
நாற்பத்திரண்டிலும், நாற்பத்துநான்கிலும்.
அழிக்கிற ஒருத்தி கதைக்குள் எங்கேயும் வருகிறாளா என்று
பக்கம் பக்கமாய்ப் பார்த்தேன்.
வரவில்லை.
அந்த நாவலைப் பற்றி என்னுடைய குறையும் ஒன்று அதுதான்.

வந்தவர்கள் மலசலகூடத்தைப் பார்த்தார்கள்.
மின்விசிறிகளை எண்ணினார்கள், மூன்று.
தேத்தண்ணி குடித்தார்கள், சீனி காணாது என்றார்கள்.
போய்விட்டார்கள்.

திங்கட்கிழமை நேசமலர் அக்கா வந்து
அதையே திரும்ப எடுத்தா.
நின்றபடி நாற்பதாம் பக்கத்தை விரித்தா.
பக்கத்தைப் பார்த்தா. என்னைப் பார்த்தா.
"கறையான் அக்கா," என்றேன்.
மேசை விளிம்பில் சாம்பல் நிறத்தில் கிடந்த தூளை
ஒற்றை விரலால் தொட்டெடுத்து ஊதினா.
"ஒற்றையை விட்டுட்டு
எழுத்தை மட்டும் தின்னுற கறையானை
இண்டைக்குத்தான் பாக்கிறன்," என்றா.
கோபப்படவில்லை. அதுதான் பெரிய கரைச்சல்.
கையை நீட்டினா:
"ஒரு பென்சில் தாரும்."

பென்சில் லாச்சிக்குள்தான் இருந்தது.
தேடுவதுபோலக் கனநேரம்
தேடிக்கொண்டிருந்தேன்.